மூன்றாம் சிம்பொனியின் மௌனம்

கோபன்ஹேகன்
4 செப்டம்பர் 1938

அன்பு அஸ்மூஸ்,

மூன்றாவது சிம்பொனியை எழுதி முடித்துவிட்டேன். முதலாவதில் உன் ஊதுகொம்புக்கு வேலையே இல்லை என்று எத்தனை வருஷம் திட்டினாய்! இரண்டாவதில் கொடுத்தது போதவில்லை என்றாய். இந்தத் தடவை வாயை மூடிக்கொள். மெதுவான இரண்டாம் பகுதி உன் கொம்பில்தான் தொடங்குகிறது. கூட யாரும் இல்லை. வயலின்காரர்கள் எல்லாம் சும்மா உட்கார்ந்து உன்னைக் கேட்க வேண்டியதுதான். உன் மூச்சின் நீளம் எனக்குத் தெரியும், அந்த நீளத்துக்கே எழுதினேன். முதல் பக்கத்தில் 'அஸ்மூஸுக்கு' என்று போட்டிருக்கிறேன்.

நவம்பரில் உங்கள் ஆர்ஹுஸ் இசைக்குழுவை வைத்து நானே நடத்துகிறேன். காடியில் ஊறிய மீன் எனக்கு வேண்டும் என்று உன் வீட்டுக்காரி சிக்னேயிடம் சொல்.

உன் எஸ்கில்

ஆர்ஹுஸ்
19 செப்டம்பர்

அன்பு எஸ்கில்,

இசைத்தாள் வந்தது. பார்த்ததும் சந்தோஷத்தில் அழுதேன். அப்புறம் பயத்தில் அழுதேன்.

கோடை மழையில் சைக்கிள் டிராம் தண்டவாளத்தில் வழுக்கி, என் முன்பல் இரண்டும் போய்விட்டன. இப்போது இருப்பது பொய்ப்பல். கறுப்பு ரொட்டியை நனைத்துத்தான் தின்கிறேன். மற்றவர்களோடு சேர்ந்து ஊதினால் சமாளித்துவிடுகிறேன். தனியாக, நீ எழுதியிருக்கும் உயர்ந்த சுரத்தில், ஒரு நாள் வருகிறது, மறுநாள் வெறும் காற்று. நிர்வாகிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்.

ஓர் உதவி செய். நம் இசைக்குழு வழக்கப்படி என் வரியை, பக்கத்தில் பாசூன் குழல் ஊதும் மோன்ஸின் தாளிலும் சின்ன எழுத்தில் போட்டுவிடு. நான் தடுக்கினால் அவன் எடுத்துக்கொள்வான். கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அஸ்மூஸ்

கோபன்ஹேகன்
26 செப்டம்பர்

அடேய் அஸ்மூஸ்,

மறுபடி நாடகமா? இரண்டாவது சிம்பொனிக்கு முன்னாலும் உதடு வீங்கிவிட்டது என்று புலம்பினாய். பிறகு மேடையில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டாய். சின்ன எழுத்தெல்லாம் கிடையாது. பாசூனில் அது சளி பிடித்த வாத்து மாதிரி இருக்கும். பக்கத்தில் மாற்று ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால் நீயும் மனசு வைத்து ஊத மாட்டாய். நீ ஊதுவாய். எனக்குத் தெரியும்.

எஸ்கில்

ஆர்ஹுஸ்
30 அக்டோபர்

அன்பு எஸ்கில்,

நாடகம் இல்லை. நேற்றும் சமையலறையில் ஊதிப் பார்த்தேன், வரவில்லை. சிக்னே கரண்டியும் கையுமாக வந்து, "நீங்க சொன்னா அவர் கேக்க மாட்டாரு. நான் எழுதட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். நான் கேட்டால் நீ செய்வாய் என்று இன்னும் நம்புகிறேன். கெஞ்சிக் கேட்கிறேன். அந்தச் சின்ன எழுத்து.

அஸ்மூஸ்

கோபன்ஹேகன்
21 நவம்பர்

அன்பு அஸ்மூஸ்,

கச்சேரி முடிந்ததும் ஏன் பின்வாசல் வழியாகப் போய்விட்டாய்? எவ்வளவு தேடினேன்!

நீ கொம்பை உதட்டில் வைத்தாய், சத்தம் வரவில்லை. கையைத் தூக்கியபடியே நின்றேன். அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. வேறு வழி தெரியாமல் வயலின்களைத் தொடங்கச் சொன்னேன். உன் பேச்சைக் கேட்கவில்லையே என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

காலையில் பத்திரிகையைப் பார்த்தால், ஆச்சரியம்! 'கொம்பு உதட்டருகே காத்திருக்க, மௌனத்தில் தொடங்கும் துணிச்சல்' என்று புகழ்ந்திருக்கிறார்கள். பதிப்பாளர் அப்படியே அச்சிடலாம் என்கிறார். டிசம்பரில் இங்கேயும் அப்படித்தான் நடத்தப்போகிறேன். பார்த்தாயா, நாம் தோற்கவில்லை. உனக்குச் சம்மதம்தானே?

உன் எஸ்கில்

ஆர்ஹுஸ்
2 டிசம்பர்

எஸ்கில்,

மோன்ஸ் வீட்டுக்கு வந்திருந்தான். "ஒத்திகையில கேட்டுக் கேட்டு எனக்கு அது மனப்பாடம்டா அஸ்மூஸ். பாசூனை வாய்லயே வச்சிட்டு உக்காந்திருந்தேன். என் தாள்ல இல்லாததை நான் எப்படிடா ஊதறது? அவரு என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலையே" என்று அழுதான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. தாளில் இல்லாததை எங்களில் யாரும் ஊத மாட்டோம்.

பத்திரிகைக்காரர்களுக்குப் புரியாதது நிர்வாகிக்குப் புரிந்துவிட்டது. அவர் மேசையில் என் தாள் இருந்தது, நான் ஊதாத வரி அதில் முழுசாக இருந்தது. என்னை அனுப்பிவிட்டார்.

தாராளமாக அச்சிட்டுக்கொள். முதல் பக்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடு. கோபன்ஹேகனில் அந்த இடத்துக்கு நல்ல கொம்புக்காரனை வீணாக்காதே. கொம்பை உதட்டில் வைத்துக்கொண்டு ஊதாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே. உன் சிம்பொனியில் அது ஒன்றை மட்டும் என்னால் இன்னும் பிழையில்லாமல் வாசிக்க முடியும்.

அஸ்மூஸ்