பாக்கியம் அக்காவின் கன்னம்

பல்கலைக்கழகக் குழு இன்று காலை உன் வீடியோ கேசட்டுகளைத் திருப்பித் தந்தது. பழைய ஈர வாடை போய்விட்டது. துடைத்துத் துடைத்து ஸ்பிரிட் வாசம் அடிக்கிறது. பெட்டியைப் பிரித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

கூலிம் தொழிற்சாலையில் நமக்கு ஒரே ஷிஃப்ட். ஓய்வு நாள் வந்தால் உன் மோட்டார் சைக்கிளில் பாடாங் மேஹா பக்கம் ரப்பர்த் தோட்டம் தோட்டமாகத் திரிவோம். நீ கேமரா பிடிப்பாய், நான் கேள்வி கேட்பேன். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி உன்னை விரட்டிக்கொண்டே இருந்தது. "வீட்ட இடிச்சிட்டா, இங்க யாரு எப்படி இருந்தாங்கன்னு யாருக்கு லா தெரியும்?" என்பாய்.

பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போனது நினைவிருக்கிறதா? ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட் தெறித்து அவரது இடது கன்னம் சுருங்கிப்போயிருந்தது. "வீட்ட எடு, என் கதைய எடு. மூஞ்சிய எடுக்காத லா" என்றார். நீ மறுபேச்சின்றிக் கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பினாய். கேசட் தீரும்வரை சுவரும் அவர் குரலும் மட்டும்தான். நல்ல காட்சி போய்விட்டதே என்று திரும்பும் வழியெல்லாம் முணுமுணுத்தேன். "அது அவங்க மூஞ்சி டி" என்றாய்.

நீ இறந்தபின் கேசட்டுகள் என்னிடம் கிடந்தன. மக்கள் வாழ்க்கையைப் படங்கள் வழியே ஆராயும் இந்தக் குழு கேட்டதும் கொடுத்துவிட்டேன். போன மாதம் கண்ணை மூடும் மெய்நிகர் கருவி ஒன்றைத் தலையில் மாட்டிவிட்டு, "நடங்க" என்றார்கள். எப்போதோ இடித்துவிட்ட அக்காவின் லயன் வீட்டுக்குள் நடந்தேன். அடுப்பு, கொடியில் காயும் துணி, எல்லாம் அப்படியே. திரும்பினால், பாக்கியம் அக்கா உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பேசுகிறார்! அவர் குரலேதான். கன்னம் மட்டும் வழவழவென்றிருந்தது. அக்காவின் மகள் செல்வியின் படத்தைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு உண்டாக்கிய முகமாம்.

கருவியைப் பிடுங்கி எடுத்தேன். "இத எடுத்திருங்க. அவங்க வேணாம்னாங்க."

செல்வி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அக்கா இறந்து வருடங்களாகின்றன. கடைசிவரை எந்தப் படத்துக்கும் நிற்காத அம்மா. "உங்களுக்கென்னக்கா? எனக்கு இதாவது இருக்கட்டுமே" என்று அழுதாள்.

பொதுமக்களுக்குக் காட்டுவதிலிருந்து அந்த முகத்தை நீக்கினார்கள். செல்விக்கு மட்டும் ஒரு பிரதி. நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமா? நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? வேலையில் நிற்கும்போதும் இதே கேள்விதான் அரிக்கிறது.

சற்றுமுன் செல்வி போனில் கூப்பிட்டாள். "அக்கா, கண்ண மூடினா அந்த மெஷின் மூஞ்சிதான் வருது. அம்மா வர மாட்டேங்கிறாங்க. நீங்க பாத்திருக்கீங்கல்ல... எப்படி இருந்தாங்க, சொல்லுங்களேன்."

ஞாயிற்றுக்கிழமை பண்டார் பாருவில் அவள் வீட்டுக்குப் போகிறேன். சுருங்கிய கன்னத்திலிருந்தே தொடங்குவேன். சிரிக்கும்போது அது கண்ணை ஒரு பக்கமாக இழுக்கும். நீ கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பினாயே, அப்போது அக்கா உன்னைப் பார்த்து அப்படித்தான் சிரித்தார். நீ கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தாய். அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.