சித்தி கையெழுத்துப் போட்ட இடம்

ஐப்பசி 6, திங்கள்

சாரல். துணி காயல. திராட்சைக்குக் கவாத்து வெட்ட ஆள் சொல்லணும். சித்தி இருந்திருந்தா இந்நேரம் 'செல்வி, செல்வி'ன்னு போன் மேல போன் வந்திருக்கும்.

சென்னையிலருந்து சேகர் பேசினான். சித்தப்பாவோட அண்ணன் மகன். சித்தி எனக்குத் தோட்டத்த எழுதிவச்ச உயிலுக்குப் புரொபேட் வாங்கியாகணும்ங்கிறான். உயில் செல்லும்னு கோர்ட்டு சொல்லணுமாம். வருசக்கணக்கா இழுக்குமாம். செல்லாமப் போனா? சித்தப்பா முன்னமே போயிட்டாரு, சித்திக்குப் பிள்ளையும் இல்ல. தோட்டம் அவனுக்குத்தான். நல்லாருக்குடா ஒன் நியாயம்னு மனசுக்குள்ள வஞ்சேன். வாயில, "சரிப்பா."

ஐப்பசி 8, புதன்

வெயில், அப்பாடா. உத்தமபாளையத்துல வக்கீலம்மாவப் பார்த்தேன். நம்ம ஊர்ப் பக்கம் போட்ட உயிலுக்குப் புரொபேட் வேண்டாம்னாக. கால்ல விழாத குறை. அப்புறம் கேட்டாக பாரு:

"கையெழுத்து எங்கன வச்சுப் போட்டாக? சென்னையிலன்னா புரொபேட் வாங்கித்தான் ஆகணும்."

அடி ஆத்தா! கண் ஆபரேசனுக்குச் சேகர் வீட்டுல இருந்தப்பத்தான உயில டைப் அடிச்சாக. காகிதத்துல ஊர்ப் பேரே இல்ல. சாட்சி போட்டது சேகரும் அவன் சம்சாரமும். எங்க போட்டாகன்னு இனி அவன் சொல்றதுதான்.

பஸ்ஸ்டாண்டுல பருப்பு வடை. கையில வச்சுக்கிட்டே வீடு வந்து சேந்தேன்.

ஐப்பசி 9, வியாழன்

காஸ் வந்துச்சு. பூனை குட்டி போட்டிருக்கு, பீரோவுக்கு அடியில.

தைரியத்த வரவழச்சுக்கிட்டு சேகருக்குப் போன். எதுக்குக் கேக்குறேன்னும் சொல்லிட்டேன். சிரிக்கிறான்! சென்னையில பேனாவக் குடுத்தா சித்தி தொடவே இல்லையாம். இந்த ஊர்த் தண்ணியவே குடிக்க முடியல, இதுல கையெழுத்து வேறயான்னாகளாம். புருசனும் பொண்டாட்டியுமா கார்ல கூட்டிட்டு வந்து, நம்ம தோட்டத்து மோட்டார் ரூம்லதான் போட வச்சாகளாம். எங்க வந்து வேணாலும் சொல்றேன்க்கான்னான். புரொபேட் அங்க எல்லாரும் வாங்குறதாம், அதான் சொன்னானாம்.

வக்கீலம்மாகிட்டச் சொன்னேன். கோர்ட்டே வேண்டாம், பட்டாவுக்கு எழுதிக் குடுங்கன்னாக. அடுக்களையில தனியா நின்னு குலவை போட்டேன். பக்கத்து வீட்டுல எட்டிப் பாத்தாக.

ஐப்பசி 10, வெள்ளி

கவாத்து ஆரம்பிச்சாச்சு. தோட்டத்துல நின்னே சேகருக்குப் பேசினேன். நீ மாத்திச் சொல்லிருந்தா யாருக்குடா தெரியப்போகுதுன்னு கேட்டுட்டேன். அதுக்கு அவன்:

"ஆபரேசன் முடிஞ்சு கண்ணக் கட்டிருந்தாகல்ல, யாரு கையத் தொட்டாலும் 'செல்வியா?'ன்னுதான்க்கா கேட்டாக."

போன வச்சிட்டேன். கவாத்து ஆளுக எல்லாரும் பாக்க, கொடிக்கடியில உக்காந்து அழுதேன். சிரிச்சுக்கிட்டேதான்.