பேர் தேடும் நம்பர்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு. வைகை வெள்ளத்தில் தரைப்பாலம் மூழ்கிய இந்த வருடம்தான் என் மகன் முத்துவேலும் இறந்துபோனான்.

அவன் போட்டோக்களெல்லாம் மெயிலில் இருக்கின்றன. ஒரு வாரமாக இன்டர்நெட் திறக்கவில்லை. மெக்கானிக் வந்து பார்த்தார். "லைன் நல்லாத்தான் இருக்கு. வெப்சைட் பேரைப் போட்டா எடத்தைக் காட்டுற நம்பர் அழிஞ்சு போச்சு. எங்கயும் எழுதி வச்சிருக்கீகளா?"

எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள் நான், எழுதி வைக்கவில்லை என்றேன். ஆனால் லைன் போட்ட அன்று மகன் அந்த நம்பரைத் தட்டும்போது வாய்விட்டுச் சொன்னது என் காதிலேயே இருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் தட்டத் தட்ட இன்டர்நெட் வந்துவிட்டது.

"எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆளுன்னீக, பெரியவரே! எம்புட்டு நம்பரு!" என்று சிரித்தார். பிறகு, "மெயில் யார் பேர்ல இருக்கு?" என்றார்.

பக்கத்தில் நின்ற மருமகள் தன் புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். என்னைப் பார்த்தாள்.

"முத்துவேல்" என்றேன்.

அவனைப் பெற்றவள் முன்னமே போய்விட்டாள். இந்த வீட்டில் அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்ல உயிரோடு மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான்.