கேக் தின்னச் சொன்ன அத்தாவுக்கு

என் அத்தாவுக்கு ஸலாம். பாசம் குறையவில்லை, கோபமும் ஆறவில்லை.

நீங்கள் மௌத்தாகி ஒரு வருஷம் ஆகிறது. தாம்பரத்தில் உங்கள் பேக்கரியைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே பேசுகிறார்கள். போன மனுஷரைக் குறை சொல்லாதே என்று அம்மா என் வாயை அடைக்கிறார். நான் சொல்லத்தான் போகிறேன்.

எட்டு வயதிலிருந்து எனக்கு வயிற்றுப்போக்கு, உப்புசம், சோகை. பூச்சி மருந்து கொடுத்தீர்கள், டானிக் கொடுத்தீர்கள். நம் கடை பன்னைச் சுடச்சுடக் கொண்டுவந்து, பாலில் தோய்த்து ஊட்டினீர்கள். "வயித்துக்கு லேசா இருக்கும், தின்னும்மா." அந்தப் பன்தான் வியாதிக்குக் காரணம் என்று யாருக்குத் தெரியும்? அதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.

பத்தொன்பது வயதில்தான் குரோம்பேட்டை டாக்டர் ரத்தம் சோதித்து, குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்துப் பார்த்து, சீலியாக் என்றார். கோதுமையில் உள்ள குளூட்டன் உள்ளே போனால் உடம்பு தன் குடலையே தாக்குமாம். மருந்து கிடையாது. கோதுமை, மைதா, ரவை ஆயுசுக்கும் கூடாது. மைதா கலந்த பெருங்காயம்கூட ஆகாது. நீங்கள் என்ன கேட்டீர்கள்? "பேக்கரிக்காரன் பொண்ணுக்கு மைதா ஆவாதுன்னா கடைக்கு எவன் சார் வருவான்?" உங்களையும் சோதித்துக்கொள்ளச் சொன்னார். "எனக்கு இன்னா கேடு?" என்று எழுந்து போய்விட்டீர்கள்.

ஆறு மாதம் சோறு மட்டும் தின்று தேறினேன். அப்போதுதான் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் முன்னால் என் கையில் கேக்கைக் கொடுத்து, "நம்ம கடை கேக்கு, ஒரு துண்டு தின்னு காட்டும்மா" என்றீர்கள். தெரிந்தேதான் சொன்னீர்கள். தின்றேன். பத்து நாள் படுக்கை. கடையின் மானம் பிழைத்தது.

இப்போது என் மகன், உங்கள் பேரன் யூசுப்புக்கு நாலு வயது. வயிறு பானை, கைகால் குச்சி. அதே சோதனை, அதே பதில். "இது பரம்பரையா வர்றதும்மா. உங்க வீட்ல வேற யாருக்காவது?" என்று டாக்டர் கேட்டார். காலமெல்லாம் சோகைக்கென்று நீங்கள் விழுங்கிய இரும்பு மாத்திரையும், ஆறாத வாய்ப்புண்ணும் நினைவுக்கு வந்தன. உங்களுக்கும் இருந்ததா அத்தா? ஒரு தடவை ரத்தம் கொடுத்திருக்கக் கூடாதா?

நேற்று உங்கள் தம்பி, சின்னத்தா, இவனிடம் கேக்கை நீட்டினார். "ஒரு துண்டுதானேம்மா, புள்ள ஏங்குது பாரு." தட்டைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டினேன். பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. நிற்கட்டும்.

எவர் மானத்துக்காகவும் இவனை ஒரு வாய் தின்னச் சொல்ல மாட்டேன், இது சத்தியம். உங்களுக்காகத் தினமும் துஆ கேட்கிறேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

உங்களிடமிருந்தே இந்தக் குடலை வாங்கிக்கொண்ட மகள்,
ஃபாத்திமா