எடுத்த இடத்தில் வைக்கவும்

பிப்ரவரி 4

அன்புள்ள நெட்டைக்கு,

குட்டை எழுதுகிறேன். நலம்தானே? தலைமை அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போனதும் எங்கள் கிளை நூலகம் உன் கண்ணுக்கு எறும்பாகத் தெரிகிறது போல, மூன்று மாதமாக ஒரு வரி இல்லை. மின்னஞ்சல் போட்டுப் பார்த்தேன். “உங்கள் கோரிக்கை பெறப்பட்டது, எண் 4471” என்று பதில் வந்தது. பதினோரு வருடம் உன் டப்பாவிலிருந்து சோறு பிடுங்கித் தின்றவள் இப்போது 4471! அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இங்கே புதுக் கணினி என் உயிரை வாங்குகிறது. ஒரு அம்மா முழங்கால் வலிக்குப் புத்தகம் கேட்டார்கள். கால்பந்தாட்டத்தைக் காட்டியது. மாதம் ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறது, மாற்றினால் என்னையே உள்ளே விடமாட்டேன் என்கிறது. வாசலில் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் இயந்திரம் போன வாரம் ஒருவருடைய குடையை விழுங்கிவிட்டு நன்றி சொன்னது.

இதெல்லாம் போகட்டும். நேற்று அது ஒரு பட்டியலைத் துப்பியது. ஐந்து வருடத்துக்கு மேல் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாத புத்தகங்கள் ஆயிரத்து இருநூறு. மார்ச் 5 அன்று லாரி வந்து காகித ஆலைக்கு அள்ளிக்கொண்டு போகுமாம். கீழே உன் கையெழுத்து.

நம் வாசகர்களில் பாதிப் பேர் இங்கேயே உட்கார்ந்து படிக்கிறவர்கள் என்று உனக்குத் தெரியாதா? மற்ற கிளைகளில் படித்ததை மேசையிலேயே விட்டுப் போவார்கள், ஊழியர்கள் எண்ணிக் குறித்துக்கொண்டு அடுக்குவார்கள், அதுவும் எடுத்த கணக்கில் சேர்ந்துவிடும். நாம்தான் அதிபுத்திசாலிகள் ஆயிற்றே! “எடுத்த இடத்தில் வைக்கவும்” என்று பலகை எழுதி மாட்டினோம். நீ எழுத, நான் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசகர்களும் சமர்த்தாகப் பழகிவிட்டார்கள். மேசையில் ஒன்றும் கிடக்கவில்லை, அதனால் ஒன்றையும் எண்ணவில்லை. நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம்.

அந்தப் பட்டியலை நிறுத்து. உன்னால் முடியும்.

கோபத்தோடும் அன்போடும்,
குட்டை


பிப்ரவரி 12

அடியே குட்டை,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்துவிட்டு, குடை வரும் இடத்தில் சத்தமாகச் சிரித்துத் தொலைத்தேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இங்கே யாரும் சிரிப்பதில்லை. நாள் முழுக்கப் புத்தகங்களைப் பற்றியே பேசுகிறோம், ஒரு புத்தகம் கண்ணில் படுவதில்லை.

கூட்டத்தில் உன் விஷயத்தைப் பேசினேன். இயக்குநர், “உக்காந்து படிச்சாங்கன்னா அதுக்கு எண்ணிக்கை எங்கம்மா? எண்ணிக்கை இல்லேன்னா படிக்கலேன்னுதான் அர்த்தம்” என்றார். எண்ணிக்கையைக் கெடுத்த பலகையை எழுதியவள் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லையடி. என் பதவி இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கோழை என்று திட்டிக்கொள்.

ஒவ்வொரு கிளைக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். உனக்கு ஆயிரத்து இருநூறு. அதில் ஒன்றும் குறையக் கூடாது, அந்த அலமாரிகளை எடுத்துவிட்டுக் கணினி மேசைகள் போடப் போகிறார்கள். மற்றபடி, லாரி வருவதற்குள் யாராவது ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்தால் கணினியே அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். இதற்குமேல் நான் எழுதக் கூடாது. புரிகிறதா?

என்றும் உன்,
நெட்டை


பிப்ரவரி 20

என் நெட்டைக்கு,

புரிந்தது, நன்றாகவே புரிந்தது! கோழை என்று திட்ட எடுத்த வாயால் உன்னை வாழ்த்துகிறேன்.

முதலில் நேர்வழியில்தான் போனேன். வாசகர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னேன், யாரும் அசையவில்லை. தினமும் மதியம் கடையை ஒரு மணி நேரம் சாத்திவிட்டு வருவாரே ஒரு தையற்காரர், உனக்கு ஞாபகம் இருக்கும். பெரிய எழுத்தில் அச்சான அந்தக் கடல் நாவல் எட்டுத் தொகுதியில் ஆறாவதில் இருக்கிறார். வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்றால், “கடைல மிஷின் எண்ணெ பட்டுடும்மா. எனக்கு இங்கயே தோதா இருக்கு” என்கிறார். நல்ல வேளை, அவருடைய நாவல் பட்டியலில் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால்தான் வாங்கினோம், அதைவிடப் பழையவைதான் முதலில் மாட்டியிருக்கின்றன.

ஆகவே குடும்பத்தில் இறங்கினேன். கணவர், மாமியார், நாத்தனார், அவள் வீட்டுக்காரர், ஓரகத்தி என்று பதினான்கு பேருக்கு உறுப்பினர் அட்டை போட்டேன். அட்டைக்குப் பத்து புத்தகம். ஒரே மதியத்தில் நூற்று நாற்பது! வாசலுக்குக்கூட அவை போகவில்லை, பதிந்த கையோடு அலமாரியில் வைத்துவிட்டேன். என் மாமியார் பாலம் கட்டும் முறைகள் பற்றி மூன்று தொகுதி எடுத்திருக்கிறார். அவரிடம் சொன்னபோது, “கட்டி முடிச்சதும் சொல்லு, திறந்து வைக்க வரேன்” என்றார்.

எதை விடுவது, எதை எடுப்பது என்று அலமாரி அலமாரியாகச் சுற்றினேன். கடைசியில் எனக்குப் பிடித்தவற்றையே எடுத்தேன், வேறு எப்படித் தேர்ந்தெடுப்பது? பறவைகள், பழைய அகராதிகள், பயணக் கதைகள். இந்த வருடத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மதியம்தான். லாரி வரும் நாளில் விடுப்பு எடுக்கப் போகிறேன். மற்றவை போவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

உன்,
குட்டை


மார்ச் 9

குட்டைக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, அதனால் நேரே சொல்லிவிடுகிறேன். உன் மாமியாரின் பாலங்களை நான் பார்த்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. அதையே பெரிய உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஆயிரத்து இருநூறு என்றால் ஆயிரத்து இருநூறுதான். நூற்று நாற்பது கழிந்ததும், லாரிக்கு முந்திய நாள் கணினி அடுத்த நூற்று நாற்பதைத் தானாகச் சேர்த்துக்கொண்டது. எல்லாம் ஆறு வருடத்துக்கு முன் வாங்கியவை. புதுப் பட்டியலை இன்று காலையில்தான் பார்த்தேன். தையற்காரரின் எட்டுத் தொகுதியும் அதில் இருக்கின்றன.

உடனே ஆலைக்குப் போன் செய்தேன். “அன்னிக்கே கூழாயிடுச்சே” என்றார்கள். மற்ற கிளைகளில் தேடினேன், இல்லை. கடைகளில் கேட்டேன், பதிப்பகத்தையே மூடிவிட்டார்களாம்.

அளவில் ஒன்றும் குறையக் கூடாது என்று நான்தான் எழுதியிருந்தேனே என்று உன் மேல் பழியைப் போடப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. வழி காட்டியவள் நான், அது எங்கே போய் முட்டும் என்று யோசித்திருக்க வேண்டியவளும் நான். என்னை மன்னித்துவிடு.

நெட்டை


மார்ச் 16

நெட்டைக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. லாரி வந்து போன மறுநாள் மதியம் தையற்காரர் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலியான அலமாரித் தட்டைக் கையால் தடவிப் பார்த்தார். “யாரோ எட்டையும் எடுத்துட்டாங்க போல. நல்லதுதான், படிக்கட்டும். எப்பம்மா திரும்பி வரும்?” என்றார். அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நீ கோழை என்றால் நான் உன் அக்கா.

அவர் தினமும் வந்தார். செய்தித்தாளைப் புரட்டிவிட்டு, ஒருமுறை அந்த அலமாரியைப் பார்த்துவிட்டுப் போவார். நேற்று தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, பட்டியல், பதினான்கு அட்டைகள், மாமியார் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

“அது போகட்டும்மா. அந்தப் பொண்ணு கப்பல விட்டு எறங்கினாளா? அத மட்டும் சொல்லிடுங்க, போதும்” என்றார்.

எனக்குத் தெரியவில்லை, நெட்டை. ஆறு வருடம் அந்த எட்டையும் தூசி தட்டியிருக்கிறேன், எண் ஒட்டியிருக்கிறேன், ஒரு பக்கம் திறந்ததில்லை. நான் காப்பாற்றிய நூற்று நாற்பதும் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. இதுவரை ஒருவரும் தொடவில்லை.

பலகையைக் கழற்றிவிட்டேன். இயக்குநருக்கு அட்டைகளைப் பற்றி எழுதி அனுப்பிவிட்டேன். உன்னை அதில் இழுக்கவில்லை, நீ வழி சொன்ன கடிதத்தைக் கிழித்துப் போட்டாயிற்று, பயப்படாதே. ஆனால் அந்தக் கூட்டத்தில் நீ வாயைத் திறந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது என்ற கோபம் எனக்குப் போகவில்லை. என் மேலும்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நாவலை நீ படித்திருக்கிறாயா? படித்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று உடனே எழுது, அவர் நாளைக்கும் வருவார். படிக்கவில்லை என்றால் பதில் போட வேண்டாம்.

குட்டை