தலைமை வழக்கறிஞர் ஒப்புக்கொண்டது

தம்பிக்கு,

கிடங்குக்குத் தீ வைத்ததாக உன்னைச் சிறைக்கு அனுப்பியது தவறு என்று இன்று காலை அரசுத் தலைமை வழக்கறிஞர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நானே காதால் கேட்டேன். பழைய வழக்குக் கட்டுகளைப் புரட்டி, கிடங்கு எரிந்த நேரத்தில் நீ ஆலையில் வேலை பார்த்ததைக் காட்டும் வருகைப் பதிவேட்டை அவரே எடுத்திருக்கிறார். போலீஸ் அதை மறைத்திருந்தது.

"நீங்க அரசு வக்கீல், ஞாபகம் இருக்கா?" என்று நீதிபதி கேட்டார்.

"இருக்குங்கய்யா. அதனாலதான் அரசோட தப்ப நான் சொல்றேன்."

வெளியே அவருக்கு நன்றி சொன்னேன். "நீங்க யாரு?" என்றார். "அவனோட அண்ணன்" என்று சொல்ல ஆறு வருடத்தில் இன்றுதான் எனக்கு வாய் வந்தது.

நீ அன்றே பதிவேட்டைப் பற்றிச் சொன்னாய். நிருபரான நான் போய்த் தேடவில்லை.

தீர்ப்பு வியாழக்கிழமை காலை. சிறை வாசலில் நிற்பேன். என்னோடு வருவதா என்பதை நீ முடிவு செய்.

அண்ணன்