பழைய பதினாலு, புதிய முப்பத்தொன்று

மேடம்,

ஸ்ரீரங்கத்துத் தெருக்களின் பழைய, புதிய கதவு எண் பட்டியல் அவசரத் தொலைபேசி மையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து இன்று காலை வந்த கடிதம் அப்படிச் சொல்கிறது. மையத்திலும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். கையெழுத்துப் போட்டவரை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் மனு கொடுத்த அதிகாரிக்குப் பிறகு வந்த மூன்றாவது ஆள்.

அந்த மையத்தில் அழைப்பு எடுத்த காலத்தில், முகவரி சொல்பவர்களிடம் நீங்கள் தவறாமல் கேட்டது ஒன்றுதான்: "பழைய நம்பரா, புது நம்பரா?" எண்கள் மாறிப் பல வருடமாகியும் நம் ஊர்க்காரர்கள் வாயில் பழையதுதான் வரும். புது எண் தகட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தவர்களும் உண்டு. நீங்கள் ஓய்வு பெற்றபின் வெளியூர்ப் பிள்ளைகள் அந்த வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு இது எப்படித் தெரியும் என்று கவலைப்பட்டு, நோட்டுப் புத்தகத்தோடு தெருத்தெருவாக நடந்தீர்கள். பட்டியல் கொடுப்பது உள்ளாட்சியின் கடமை, தயவு அல்ல என்று மனுவில் எழுதி, பத்திரிகைக்காரன் என்று என்னிடமும் ஒரு நகல் தந்தீர்கள்.

அதிகாரியின் பதில் இல்லாமல் செய்தி போடமாட்டேன் என்றேன். அவர் விடுப்பில் போனார், பிறகு கூட்டம், பிறகு இடமாற்றம். மூன்றாவது வாரம் அலுவலகப் படியில் பார்த்தபோது சொன்னீர்கள்: "நீங்க உறுதி பண்ணிக்கிட்டே இருங்க சார். ஆம்புலன்ஸ் வண்டி தெருவுல சுத்திக்கிட்டே இருக்கட்டும்." நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. அழைத்தவர் உங்கள் தங்கை. பதறிப்போய்ப் பதினாலு என்று சொல்லிவிட்டார். எடுத்தவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. புதிய பதினாலு தெருவின் மறுகோடியில், பூட்டிக் கிடந்த வீடு. சைரன் அங்கே போய் நின்றதை நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டிருக்கிறீர்கள்.

"எந்த நம்பர்டி சொன்னே?"

"பதினாலுன்னுதான்க்கா."

"அது பழசுடி. இப்ப நாம முப்பத்தொண்ணு. ஓடு."

அவர் செருப்பில்லாமல் ஓடி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தபோது நீங்கள் பேசவில்லை. அந்த நிமிடங்கள் இருந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அப்படியே எழுதினேன். உங்கள் மனுவும் அந்தச் செய்தியில்தான் முதல்முறையாக அச்சில் வந்தது. அதற்கு அதிகாரியின் பதிலுக்காக நான் காத்திருக்கவில்லை.

இப்போதெல்லாம் ஒரு நாள் பொறுப்பேன். மறுநாள், பதில் வரவில்லை என்றே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இதனால் சிலருக்கு என்மேல் வருத்தம். எனக்கும் அலுத்துத்தான் போகிறது, மேடம். ஒரே கேள்வியோடு எத்தனை மாடி ஏறுவது?

பாலக்கரைச் சந்துகளின் பட்டியல் இன்னும் போகவில்லை. பொங்கலுக்குள் முடியும் என்று போனில் சொன்னார்கள், எழுத்தில் தரவில்லை. அழைப்பு எடுப்பவர்கள் எண்ணைப் பழசா புதுசா என்று கேட்டே தீரவேண்டும் என்ற உத்தரவு எப்போது வரும் என்றும் கேட்டேன். அதற்கு அவர்களிடம் தேதி இல்லை.